புதூர் வரை நிற்க வேண்டும்

என் காக்கிச் சட்டையில் உப்புப் பூப்பது நின்றுபோனதை முதலில் கவனித்தவள் என் மனைவி பேச்சியம்மாள். கவனித்துச் சந்தோஷப்பட்டாள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம் வழியாகப் புதூர் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். சித்திரை வெயிலில் அந்த ரோட்டில் ஒரு நடை போய்வந்தால் முதுகிலும் கக்கத்திலும் வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழும். அதைத் தேய்த்துத் தேய்த்தே அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. "இந்த வருசம் வெயிலு உங்கள ஒண்ணும் செய்யல போல. சட்டைய ஒரு முக்கு முக்குனாப் போதும்" என்றாள். நானும் பெருமையாகச் சிரித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சுடலைமுத்து அண்ணாச்சிதான் எங்கள் வண்டி டிரைவர். இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்துபோகிற மனிதர். தோள் துண்டைப் பிழிந்து ஜன்னல் வழியாக உதறிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்ப்பார். "ஏலே வேலுச்சாமி, ஒன்னைய என்ன கட்டையில செஞ்சிருக்கா? எனக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்துது, ஒனக்குப் பொட்டு வேர்வை இல்ல."

"நான் வேலையே பாக்கலன்னு மொதலாளிகிட்டச் சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்பேன். வேர்க்காமல் இருப்பது ஒரு நோய் என்று இந்தக் கரிசல் காட்டில் யாருக்குத் தோன்றும்? கொடுத்துவைத்தவன் என்றுதான் சொன்னார்கள்.

அடுத்து வந்தது இருட்டு. காலையில் எழுந்து நின்றால் கண்ணிலிருந்து நிறமெல்லாம் வடிந்துபோகும். கழுத்திலும் தோளிலும் மூட்டை ஏற்றியதுபோல் ஒரு வலி. உட்கார்ந்தால் சரியாகிவிடும், படுத்தால் ஒன்றுமே தெரியாது. உட்கார்ந்தால் சரியாகிற நோயைத் தேடிப் பிடித்து ஒரு கண்டக்டருக்குக் கொடுத்த சாமியை என்ன சொல்ல. எங்கள் பிழைப்பே நிற்பதுதான். கம்பியைப் பிடிக்காமல், சீட்டு முதுகில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் சில்லறை, வாயில் விசில் என்று ஓடுகிற வண்டியில் நின்றால்தான் அவன் கண்டக்டர். இருபது வருஷம் அப்படி நின்றவன் எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு காலை விசில் ஊதிக்கொண்டே சரிந்து விழுந்தேன்.

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திட்டான் பாரு" என்று ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. நான் குடிக்கிறவன் இல்லை. புருவம் கிழிந்ததைவிட அந்தப் பேச்சுதான் ரொம்ப நாள் வலித்தது.

கோவில்பட்டியில் நாங்கள் எப்போதும் பார்க்கிற டாக்டரிடம் அண்ணாச்சியே தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் நல்ல மனிதர். என்னைப் பெஞ்சில் படுக்கவைத்து, கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் இருநூறைத் தொட்டது. "பிரஷர் இவ்வளவு இருந்தா மயக்கம் வராம என்ன செய்யும்?" என்று மாத்திரை எழுதினார். "படுத்து ஓய்வு எடுக்கணும். உப்பைக் குறைக்கணும்."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மயங்கி விழுந்தவனை யாராக இருந்தாலும் படுக்கத்தான் வைப்பார்கள். போகும்போதெல்லாம் படுக்கவைத்தார், பார்க்கும்போதெல்லாம் பிரஷர் ஏறியே இருந்தது, மாத்திரையைக் கூட்டினார். மாத்திரை கூடக் கூட நான் அதிகமாக விழுந்தேன். அதிகமாக விழுந்ததால் அதிகமாகப் படுக்கச் சொன்னார்கள்.

வீட்டில் என்னைத் தாங்கினார்கள். அதைச் சொல்லியாக வேண்டும். ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலைப் போட்டு, தலையணைகூட வேண்டாம், ரத்தம் தலைக்கு நல்லா ஓடட்டும் என்று என்னைத் தட்டையாகக் கிடத்தினார்கள். புதூர் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம் பேச்சியம்மாளுடையது. அவள் அண்ணன் முனியசாமி வாரம் ஒருமுறை பால் சொம்போடு வந்து, நான் தலையைத் தூக்கினாலே தோளை அமுக்குவார். "எந்திரிக்கப்படாது மாப்ள. படுத்துக் கெடங்க. நாங்க என்னத்துக்கு இருக்கோம்?" ஒண்ணுக்குப் போகக்கூட எழவிடவில்லை.

டாக்டர் உப்பைக் குறைக்கத்தான் சொன்னார். பேச்சியம்மாள் அடியோடு நிறுத்தினாள். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. கருவாட்டை அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். தெருவில் பார்க்கிற ஒவ்வொருத்தரும், பிரஷர்காரனுக்கு உப்பு விஷமாக்கும் என்று ஒரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு அவள் நிற்கவில்லை. தன் ஊர் அம்மனிடம் போய் ஒரு நேர்ச்சை வைத்துவிட்டு வந்தாள். வந்த அன்று இரண்டு தட்டிலும் ஒரே பானைக் கஞ்சியை ஊற்றினாள்.

"ஒனக்காவது உப்புப் போட்டுக்கயேன்" என்றேன்.

"நீங்க பழையபடி புதூர் வரைக்கும் பஸ்ல நின்னு டிக்கெட்டுப் போடுற அன்னைக்குத்தான் நான் உப்புச் சேப்பேன். அம்மன்கிட்டச் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து எனக்கு இருந்த கவலை இரண்டாகிவிட்டது. வேலை போகிறது என்பது ஒன்று. நான் எழுந்து நிற்காத ஒவ்வொரு நாளும் ஒருத்தி என் முன்னால் உட்கார்ந்து உப்பில்லாத சோற்றை முகம் சுளிக்காமல் விழுங்குகிறாள் என்பது இன்னொன்று. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஒன் எடம் அப்படியே இருக்கு. ஆனா நிக்க முடிஞ்சாத்தான் வரணும், என்ன?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். நிற்க வேண்டும். வேறு ஒன்றும் யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் பின்கட்டில் விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தேன். முனியசாமி மச்சான் மறுநாளே பட்டியில் இருந்த கிடாய்களை விற்றுவிட்டு, காரோடு வந்து எங்களை மதுரைக்கு ஏற்றிப்போனார். எந்தக் கிடாய்க்கு என்ன விலை என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சு நிறைந்திருந்தது. என்னால் உட்காரவும் முடியாமல் தரையில் துண்டை விரித்துப் பேச்சியம்மாள் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். பேர் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்தால் விழுவேன். விழுந்து எழுவதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நானும் என் வண்டியில் இதையேதான் செய்திருக்கிறேன். ஏறத் தாமதித்தவர்களை விட்டுவிட்டு விசில் ஊதியிருக்கிறேன். யாரைக் கோபித்துக்கொள்வது?

தலையைப் படம் பிடித்தார்கள். இதயத்தைப் படம் பிடித்தார்கள். எல்லாம் நன்றாக இருப்பதாக ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடு சொன்னார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. பெயர் தெரியாத நோயோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தேன்.

நரம்பு வார்டுக்கு மாற்றிய பிறகுதான் அந்த டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, வேகமான நடை. படுத்திருந்த என் கையில் பட்டையைக் கட்டி அளந்தார். வழக்கம்போல ஏறியிருந்தது. அப்புறம் பட்டையைக் கழற்றாமல், "எந்திரிச்சு நில்லுங்க" என்றார்.

பேச்சியம்மாள் பதறிப் போனாள். "வேண்டாம்மா. இவிய நின்னா விழுந்திருவாவ. படுத்தே இருக்கணும்னு சொல்லியிருக்கு."

"அதுக்குத்தான்மா நிக்கச் சொல்றேன்."

இரண்டு நர்சுகள் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க நின்றேன். டாக்டரம்மா அளந்தார், மறுபடி அளந்தார். இருநூறுக்குப் பக்கத்தில் இருந்தது எழுபதுக்கு இறங்கிவிட்டது. நிறமெல்லாம் வடிந்து நான் சரிகிறபோது அவர் குரல் தூரத்தில் கேட்டது. "இத்தனை நாளா யாராவது இவரை நிக்கவச்சு பிரஷர் பார்த்தாங்களா?"

கண் விழித்ததும் முதல் கேள்வி, "உங்களுக்கு வேர்க்குமா?" பேச்சியம்மாள்தான் சொன்னாள். "ரெண்டு வருசமா இவிய சட்டையில உப்புப் பூக்கலம்மா. நான் நல்லதுன்னு நெனச்சேன்."

அந்த வாரம் முழுக்கச் சோதனைகள். உடம்பெல்லாம் ஒரு மருந்தைப் பூசி, மேலே மாவுபோல ஒரு பொடியைத் தூவி, சூடேற்றிய அறையில் படுக்கவைத்தார்கள். வேர்வை வந்த இடத்தில் பொடி கறுக்குமாம். நெற்றியில் கொஞ்சமும் உள்ளங்கையில் கொஞ்சமும் கறுத்தது. மற்ற இடமெல்லாம் தூவியது தூவியபடியே கிடந்தது. இன்னொரு நாள் ஒரு மேஜையில் படுக்கவைத்து, நெஞ்சிலும் முழங்காலிலும் பட்டை போட்டு இறுக்கி, மேஜையையே மெல்ல நிமிர்த்தினார்கள். காலை அசைக்கக்கூடாது. மனுஷனைச் செங்குத்தாக நிறுத்தினால் அவன் உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கிற மேஜை அது. என் உடம்பு ஒன்றும் செய்யவில்லை. அதுதான் நோய் என்று தெரிந்தது.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்குமாம். நம்மைக் கேட்காமலே வேலை செய்கிற சில நரம்புகள் காலிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கி, ரத்தத்தை மூளைக்கு மேலே தள்ளுமாம். வேர்வையை விடுவதும் அதே வகை நரம்புகள்தான். எனக்கு அந்த நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. படுத்தால் அழுத்தம் ஏறும், நின்றால் இறங்கும். நடுவில் பிடித்து நிறுத்த ஆளில்லை. ரொம்ப அபூர்வமான நோய் என்றார். புத்தகத்தில் படித்தது தவிர, அவர் நேரில் பார்த்த இரண்டாவது ஆள் நான்.

"உங்களை மாதிரியே நிக்க முடியாத ஆளுங்க இன்னொரு கூட்டம் இருக்கு. யாரு தெரியுமா?" என்று கேட்டு, ஒரு பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். விண்வெளியிலிருந்து திரும்பிய ஒருவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வருகிறார்கள். மடியில் கம்பளி போர்த்தியிருக்கிறது. அவர் கையை உயர்த்திச் சிரிக்கிறார்.

"இவருக்குக் கால்ல அடியா?" என்றேன்.

"அடி இல்ல. நிக்க முடியல. நின்னா மயக்கம் வரும்."

நாட்டிலேயே திடமான ஆளாகப் பார்த்துத்தான் மேலே அனுப்புவார்கள். அங்கே எடை கிடையாது என்பதால் ரத்தம் காலுக்கு இறங்காமல் மேலேயே தங்கிவிடும். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று உடம்பு ஏமாந்து, நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியே தள்ளிவிடும். குழாய்களை இறுக்குகிற நரம்பும் வேலையில்லாமல் மறந்துபோகும். பூமிக்கு வந்து நின்றால் விழ வேண்டியதுதான். அதனால் இறங்குவதற்குச் சற்று முன்னால் அவர்கள் உப்பும் தண்ணீருமாக நிறையக் குடிப்பார்கள். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கிற உடுப்புப் போட்டுக்கொள்வார்கள். மேலே போகாமலே இதைப் படிப்பதற்காக, நல்ல ஆரோக்கியமான ஆட்களைச் சம்பளம் கொடுத்து வாரக்கணக்கில் படுக்கவைப்பார்களாம். தலைப்பக்கம் தாழ்ந்த கட்டிலில். எழும்போது அவர்களும் தள்ளாடுவார்களாம்.

"படுத்துக் கெடக்கச் சம்பளமா? நான் சும்மால்லா கெடந்தேன்" என்றேன். வார்டில் அன்றுதான் நான் சிரித்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதையேதான் உங்க வீட்லயும் செஞ்சிருக்காங்க. மாசக்கணக்கா தட்டையாப் படுத்திருந்தா நல்லா இருக்கிறவனே நிக்க மாட்டான். ராத்திரி அழுத்தம் ஏறி நீரும் உப்பும் வெளிய போயிடுது. அதான் காலைல உங்களுக்கு மோசமா இருக்கு. அந்த பிரஷர் மாத்திரை எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க. உப்பு நிறைய சாப்பிடணும். உப்பை உடம்புலயே நிறுத்தி வைக்க ஒரு மாத்திரை தரேன். இதெல்லாம் விண்வெளிக்குப் போனவங்களுக்கும் கொடுத்துப் பார்த்ததுதான்."

உப்பு என்ற சொல் வந்ததும் பேச்சியம்மாள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எழுந்து வராந்தாவுக்குப் போனாள். ஜன்னல் வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். எனக்கோ எழுந்து போய்ச் சமாதானம் சொல்ல முடியாது. இந்த நோய் என்னை என்னவெல்லாமோ செய்தது, ஆனால் அந்த வராந்தாவுக்குப் போகமுடியாமல் கிடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கொடுமை.

திரும்பி வந்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான். "என் கையாலயே ஒங்கள விழத்தாட்டியிருக்கேன்."

"நீயா செஞ்ச? ஊரே சொல்லிச்சு, டாக்டர் சொன்னாரு."

"அவியல்லாம் கொறைக்கத்தான சொன்னாவ."

டாக்டரம்மா என் அளவுகளையெல்லாம் எழுதி வெளிநாட்டில் இதை ஆராய்கிறவர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். "விண்வெளிக்குப் போயிட்டு வந்தவங்களும் கொஞ்சம் பேர்தான். உங்களை மாதிரி ஆளுங்களும் கொஞ்சம் பேர். ஒருத்தரை வச்சுத்தான் இன்னொருத்தரைப் புரிஞ்சிக்க முடியும்." நான் சம்மதித்தேன். புதூர் பஸ் கண்டக்டரின் மயக்கம் ஆகாயத்துக்குப் போகிறவனுக்கு உபயோகப்படுகிறது என்றால் எனக்கென்ன நஷ்டம். பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையில்தான் கேட்டுத் தொலைத்தேன்.

"அவிய எம்புட்டு நாள்ல நல்லாவாவ?"

"சில நாள்ல நடந்துடுவாங்க. அவங்க நரம்பு நல்லாத்தான் இருக்கு, மறந்துதான் போயிருக்கு."

"அப்ப எனக்கு?"

அவர் பேனாவைப் பையில் செருகினார். "உங்களுக்குச் சரியாகாது அண்ணே. சமாளிக்கலாம். பொய் சொல்ல எனக்கு மனசில்ல."

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்கள் சமாளிக்கப் படித்த நாட்கள். எழுவதற்கு முன் இரண்டு பெரிய தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால், கொஞ்ச நேரத்தில் அழுத்தம் மளமளவென்று ஏறும். என்னைக் குடிக்கச் சொல்லி அளந்தும் காட்டினார்கள். தண்ணீரே மருந்து. குடம் தண்ணீருக்குக் குழாயடியில் அடித்துக்கொள்கிற ஊர்க்காரனுக்குத்தான் இந்த மருந்தை எழுத வேண்டுமா என்று நினைத்தேன். நிற்கும்போது ஒரு காலை மறுகாலோடு பின்னி இறுக்கினால் ரத்தம் கொஞ்சம் மேலே ஏறும். வயிறு நிறையச் சாப்பிட்டால் எல்லா ரத்தமும் வயிற்றுக்குப் போய் மயக்கம் வரும். கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்து உயர்த்தித்தான் தூங்க வேண்டும். சம்பளத்துக்குப் படுத்தவனுக்குத் தலை தாழ்ந்த கட்டில், எனக்குத் தலை உயர்ந்த கட்டில். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்படிச் சரிவாகப் படுத்துக்கொண்டு, அந்தப் படத்தில் சிரித்தவரை நினைத்துப் பொறாமைப்பட்டேன். அவர் எழுந்து நடந்திருப்பார்.

ஊருக்கு வந்த அன்றே முனியசாமி மச்சான் தலைமாட்டில் செங்கல் அடுக்கினார். பரணிலிருந்து ஊறுகாய் ஜாடி இறங்கியது. கருவாட்டுக் குழம்பு மணத்தது. என் தட்டில் உப்பு, மோரில் உப்பு. பேச்சியம்மாள் தட்டில் மட்டும் பழையபடி உப்பில்லாத கஞ்சி.

"இனி எதுக்குட்டி இந்த நேர்ச்சை? உப்புதான் மருந்துன்னு ஆயிப்போச்சே" என்றேன்.

"அது ஒங்களுக்கு. நான் சொன்ன சொல்லு அம்மன்கிட்டல்லா இருக்கு. நீங்க புதூர் வரைக்கும் நிக்கலையே."

நேர்ச்சை வைத்தவள் சமையலை ருசி பார்க்க மாட்டாள். கைக்கணக்கில் உப்பை அள்ளிப் போடுவாள். ஒருநாள் கரிக்கும், ஒருநாள் போதாது. நான் எதையும் சொல்லாமல் சாப்பிடுவேன். எனக்குச் சரியாகாது என்று டாக்டரம்மா சொன்னது இவளுக்கு நன்றாகவே தெரியும். அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். முடியாத ஒன்றுக்கு நாள் பார்த்துக்கொண்டு, ஆயுசு முழுக்க உப்பில்லாமல் தின்பது என்று முடிவு செய்துவிட்டாள். தண்டனை மாதிரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு நடை. அதைப் போய்விட்டு வந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். "நான் பாத்துக்கிடுதேன் மொதலாளி" என்றார் அண்ணாச்சி. இப்போது அந்த வண்டியில் இருக்கிற கண்டக்டர் கடைசி சீட்டில் உட்கார்ந்து வர ஒப்புக்கொண்டார்.

காலையில் எழுந்ததும் எனக்கு ஆகாது, சாப்பிட்டாலும் ஆகாது. அதனால் பத்து மணி நடைக்கு வெறும் வயிற்றோடு கிளம்பினேன். இறுக்குகிற காலுறை ஆஸ்பத்திரியில் கொடுத்தது. வயிற்றுக்குப் பேச்சியம்மாள் தன் பழைய நூல் சேலையை எட்டாக மடித்துச் சுற்றி, முழங்காலை என் இடுப்பில் ஊன்றி இறுக்கிக் கட்டினாள்.

"பிள்ளை பெத்தவளுக்குக் கட்டுத மாதிரில்லா கட்டுத."

"பேசாம மூச்ச உள்ள இழுங்க."

விண்வெளிக்காரர்களுக்குத் தனியாக உடுப்புத் தைக்கிறார்கள், எனக்கு நூல் சேலை. இரண்டு தம்ளர் தண்ணீரைக் குடித்தேன். ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு காகிதப் பொட்டலத்தில் உப்பும் எடுத்துக்கொண்டு அவளும் ஏறினாள். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். முதல் டிக்கெட்டை அவளுக்குத்தான் கிழித்தேன்.

எட்டயபுரம் வரை நின்றேன். சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். விசில் ஊதினேன். உள்ளே போங்க, உள்ளே போங்க என்று பழையபடி சத்தம் போட்டேன். தெரிந்த முகங்கள் தோளைத் தட்டின. விளாத்திகுளத்தில் கூட்டம் ஏறியது. வெயிலும் ஏறியது. எல்லோருக்கும் சட்டை நனைந்திருந்தது, என் சட்டை காய்ந்திருந்தது. வேர்க்காத உடம்பு உள்ளுக்குள்ளேயே வேகும். காலைப் பின்னி இறுக்கிக்கொண்டு, இரு சீட்டுக்கு நடுவில் செருகினாற்போல நின்றேன். பேச்சியம்மாள் பாட்டிலில் உப்பைப் போட்டுக் குலுக்கி நீட்டினாள். குடித்தேன். அண்ணாச்சி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வண்டியை உருட்டினார்.

நாகலாபுரம் தாண்டியதும் ஒருவர் ரூபாய்த் தாளை நீட்டினார். எந்த நோட்டு என்று நிறம் தெரியவில்லை. இருபக்கமும் கரிசல் காடு வெளுத்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம்தான், புதூர் வந்துவிடும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது பஸ்ஸின் கூரை தெரிந்தது. வண்டி நின்றிருந்தது. நான் நடைபாதையில் கிடந்தேன். என் இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஆட்கள் குனிந்து நின்று துண்டால் விசிறினார்கள். அண்ணாச்சி என் தலைமாட்டில் இருந்தார். யாரும் நான் குடித்திருப்பதாகச் சொல்லவில்லை.

"புதூரா?" என்றேன்.

"இல்லலே. வரல" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேர்வைதான் வராது, கண்ணீர் வந்தது. "தோத்துட்டேன் பேச்சி" என்றேன்.

அவள் என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. பக்கத்தில் கிடந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். மீதியிருந்த உப்பைக் கையில் கொட்டினாள். எனக்குத்தான் கரைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அத்தனை பேர் பார்க்க அவள் அதைத் தன் வாயில் போட்டு விழுங்கினாள். கரித்திருக்கும். முகம் ஒரு மாதிரிக் கோணியது, கண் நிறைந்துவிட்டது.

"என்னட்டி செய்யுத? நேர்ச்சை முடியலையே."

"நீங்க நின்னீங்கல்லா. நான் பாத்தேன். போதும்." புறங்கையால் வாயைத் துடைத்தாள். "கொறைச்சல் இருந்தா அம்மன் என்கிட்டக் கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

அண்ணாச்சி எழுந்து போய் வண்டியை எடுத்தார். அந்தப் புதுக் கண்டக்டர் கடைசி சீட்டிலிருந்து வந்து, என் தோல் பையை மெதுவாகக் கழற்றி மாட்டிக்கொண்டு மிச்ச டிக்கெட்டைப் போட்டார். புதூர் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை நாற்காலியைக் கொண்டுவந்து, நாலு பேர் என்னை அதில் உட்காரவைத்துத் தூக்கி இறக்கினார்கள். பத்திரிகையில் பார்த்த அந்தப் படம் ஞாபகம் வந்தது. நானும் கையை உயர்த்திக் காட்டினேன். ஜன்னலோரம் இருந்தவர்கள் காரணம் தெரியாமல் பதிலுக்குக் கையசைத்தார்கள். அதுதான் நான் கண்டக்டராகப் பஸ்ஸை விட்டு இறங்கிய கடைசித் தடவை.

முனியசாமி மச்சான் வீட்டில் கம்மங்கஞ்சி இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் ஒரு சொம்பில் கஞ்சியை ஊற்றி, மோர் விட்டு, உப்புப் போட்டுக் கரைத்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, மறுபடியும் ருசி பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இப்பச் சரியா இருக்கு, குடிங்க" என்றாள்.